அதெல்லாம் தாங்கும்

“அஞ்சு மோலி போடுங்க சார், அதெல்லாம் தாங்கும்.”

முதல் மீன் தொட்டி வாங்கின அன்னிக்குக் கடைக்காரர் சொன்னது. புதுத் தண்ணியில உடனே மீன் விடலாமான்னு நான் கேட்டதற்கான பதில். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். தொட்டி, மோட்டார், கூழாங்கல் எல்லாம் வாங்கி முடித்தவனிடம் ‘ஒரு மாசம் கழிச்சு வாங்க’ என்று சொல்லியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பத்து நாளில் மூன்று செத்துப்போயின. மிச்சம் இரண்டும் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தன. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் “இப்ப தொட்டி செட் ஆயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. குளத்தில் அதைத் தின்ன ஆள் இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் இல்லை. அதனால் அமோனியா சேர்ந்து செவுளை அரிக்கும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அது ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும். ரத்தமே பழுப்பாகும். எவ்வளவு குமிழி விட்டாலும் மீனுக்கு மூச்சு முட்டும். நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அமோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு கூடும். சென்னை வெயிலில் போர் தண்ணி ஊற்றிய தொட்டியில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் சோம்பேறிகள். மற்ற பல பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருகி, ஒரு தொட்டியின் அழுக்கைச் சமாளிக்கும் அளவுக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம். இந்தக் காத்திருப்பைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள்.

அவை வளர அமோனியா வேண்டும். அதை மீன் தரலாம், பாட்டிலும் தரலாம். என் கேள்வி இதற்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது தொட்டிக்கு பாட்டில் வழியைத் தேர்ந்தேன். அமோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே நவச்சாரம்தான். மீனுக்கென்றால் கலப்பில்லாத ஆய்வகத் தரம் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா என்று கணக்கு வைத்தால் 60 லிட்டர் தொட்டிக்கு அரை கிராம்கூடத் தேவையில்லை. குளோரின் நீக்கிய தண்ணீர், ஓடுகிற ஃபில்டர், உள்ளே யாரும் இல்லை. தினமும் சாயங்காலம் சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: “தண்ணிக்கு லைட்டு போட்டு வச்சிப் பாத்துட்டு இருக்கான்.” முதல் இரண்டு வாரம் பச்சை மாறவே இல்லை. அப்புறம் ஒரு நாள் அமோனியா இறங்கியது, நைட்ரைட் குழாய் ஊதாவானது. ஐந்தாவது வாரக் கடைசியில், முந்தின நாள் போட்ட அமோனியா மறுநாளைக்குள் சுத்தமாகக் காணாமல் போனது. நைட்ரைட்டும் இல்லை. ஒரு மீனும் சாகாமல் ஒரு தொட்டி தயார்.

ஆனால் அந்தச் சோதனைக் கிட்டின் விலைக்கு ஐம்பது மோலியாவது வாங்கலாம். இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் தொட்டியில் எனக்குக் கிட் இல்லை என்று சொல்வது தவறு. மோலிதான் கிட். செத்தால் தண்ணீர் சரியில்லை, பிழைத்தால் சரி. கருவியைவிட உயிர் மலிவாக இருக்கும் இடத்தில் யாரும் கொடூரமானவராக இருக்க வேண்டியதில்லை, சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவராக இருந்தால் போதும்.

இதில் ‘தாங்கும்’ என்கிற சொல் செய்கிற வேலையைக் கவனியுங்கள். கேட்டால் மீனின் குணத்தைச் சொல்வது மாதிரி இருக்கும். மோலி, கப்பி, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட டேனியோ எல்லாம் நிஜமாகவே கொஞ்சம் கெட்டியான மீன்கள். “கப்பி சாக்கடையிலயே வாழும் சார்” என்பார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் ஒன்று அதிகம் தாங்கும் என்றால் அது அதிக நேரம் அனுபவிக்கும் என்றும் பொருள். மென்மையான மீன் இரண்டே நாளில் செத்துப்போகும்; கெட்டி மீன் ஆறு வாரமும் உள்ளே கிடக்கும். என் தொட்டியில் தப்பித்த இரண்டையும் நான் சாட்சியாகக் காட்டினேன். அவற்றின் செவுள் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேனா? திருக்குறளில் இன்னா செய்யாமை 32ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆவது. ஒன்றாகவே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. செத்த மூன்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பீர்கள். 2003இல் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கற்களில் தேய்த்தன, ரொம்ப நேரம் சாப்பிட வரவில்லை. நமக்கிருப்பது போன்ற பெருமூளைப் புறணி இல்லாததால் அதை வலி என்று சொல்லக் கூடாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்ச்சை நடக்கட்டும். ஒரு பக்கம் ஒரு மீனின் வலி என்கிற வாய்ப்பு, இன்னொரு பக்கம் என்னுடைய ஐந்து வாரப் பொறுமை. தீர்ப்பு வரும்வரை எதைப் பணயம் வைப்பது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில். மீனை விட்டே சைக்கிள் பண்ணுகிற சிலரை எனக்குத் தெரியும். 100 லிட்டருக்கு இரண்டே சின்ன மீன், கிள்ளித் தீனி, தினமும் சோதனை, நிறம் மாறினால் உடனே பாதித் தண்ணீர் மாற்றம். அவர்களுடைய மீன்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. இன்னொரு பக்கம், “கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடைக்கிறதே தப்பு, இதுல என்ன உனக்கு நீதி?” என்று ஒரு தோழி கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. அடைத்த பிறகும் கடமை மிச்சமிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். “ஜெயிலர் பேசற பேச்சு” என்றாள்.

மீன் வாங்க அதே கடைக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் ஏழெட்டு வயதுப் பையனும். பையன் கையில் புதுத் தொட்டி, பெட்டியைப் பிரிக்கவில்லை. “இன்னிக்கே விடலாம்ல?” என்றார் அப்பா. கடைக்காரர் வலையை எடுத்துக்கொண்டே அதே வாக்கியத்தைச் சொன்னார்.

அவர்கள் போனதும் நவச்சாரம், சோதனைக் கிட், ஐந்து வாரம் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “எனக்குத் தெரியும் சார். அந்தப் பையன்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே, இங்கதான நின்னீங்க?” என்றார்.

ஆறு டேனியோ வாங்கிக்கொண்டு வந்தேன்.