வெளிச்சத்தை வைத்து எடை போடலாமா?

கருந்துளை ஒளி விடாது. ஆனால் அதற்கு இரையாகும் வாயு நேராக விழாமல் தட்டுபோலச் சுழன்று, உரசிச் சூடேறி, எக்ஸ்-கதிர்களைக் கொட்டித் தீர்க்கும். கொட்டும் ஒளி வாயுவை வெளியே தள்ளும், ஈர்ப்பு உள்ளே இழுக்கும். ஒளி மிஞ்சினால் இரையே விலகிவிடும். இந்த வரம்புதான் எடிங்டன் எல்லை. எடை கூடக் கூட எல்லையும் அதே விகிதத்தில் உயரும். ஆகவே எல்லை மீறப்படவில்லை என்று எடுத்துக்கொண்டால், வெளிச்சத்தைப் பார்த்தே குறைந்தபட்ச எடையைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு பலருக்கு ஆசை காட்டியது. விண்மீன் மடிந்து உருவாகும் கருந்துளைகள் பெரும்பாலும் சூரியனைப்போல் சில பத்து மடங்கு எடை. பேரடைகளின் நடுவில் இருப்பவை பல லட்சம் மடங்குக்கும் மேல். இடைப்பட்ட எடையில் உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. எக்ஸ்-கதிரில் மிதமிஞ்சிப் பிரகாசிப்பவை அந்த இடைவெளியை நிரப்புமோ?

1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்82 பேரடையில் அப்படி இரண்டு, அருகருகே. எக்ஸ்-1 என்பதற்கு அதன் ஒளியின் ஏற்ற இறக்கங்களை வைத்து 2014-இல் சுமார் 400 சூரிய எடை மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு அங்கே ஒரு சூப்பர்நோவா வெடிக்க, அதைப் பார்க்கத் திரும்பிய நூஸ்டார் தொலைநோக்கிக்கு வேறொன்று சிக்கியது: எக்ஸ்-2, 1.37 நொடிக்கு ஒருமுறை கடிகாரம்போலத் துடித்தது. அவ்வளவு சீரான துடிப்புக்கு, காந்தப்புலத்தோடு சுழலும் திடமான ஒரு பொருள் வேண்டும். கருந்துளைக்கோ மேற்பரப்பே கிடையாது. எக்ஸ்-2 ஒரு நியூட்ரான் விண்மீன்! எடையோ சூரியனைவிடச் சற்றே கூடுதல். ஒளி, எடிங்டன் எல்லையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. வெளிச்சத்தை மட்டும் நம்பிய தராசு அன்றே கோணிவிட்டது.

ஆனாலும் எச்எல்எக்ஸ்-1 என்ற எக்ஸ்-கதிர் மூலம், இடைப்பட்ட எடைக் கருந்துளைதான் என்ற வாதத்தில் அசையாமல் நிற்கிறது. 29 கோடி ஒளியாண்டு தொலைவில், ஈஎஸ்ஓ 243-49 என்ற பேரடையின் மையத்திலிருந்து விலகி இருக்கும் அதை 2009-இல் அறிவித்தார்கள். உச்சத்தில் அது சூரியனைப்போல் 25 கோடி மடங்குக்கும் மேல் ஒளிர்கிறது. எல்லையைப் பத்து மடங்கு மீறுவதாக விட்டுக்கொடுத்தும் 500 சூரிய எடைக்குக் கீழே இறங்கவில்லை. எக்ஸ்-2-க்குப் பிறகு அந்தச் சலுகை போதாதே என்பார்கள், நியாயம்தான். என்னை நம்பவைப்பது அதன் வெளிச்சமல்ல, தட்டின் வெப்பம். கருந்துளை பெரிதானால் தட்டின் உள்விளிம்பும் தள்ளிப்போகும், அந்த அளவுக்கு வெப்பம் குறையும். இத்தனை ஒளிக்கு எச்எல்எக்ஸ்-1-இன் தட்டு சில பத்து லட்சம் டிகிரியைத் தாண்டவில்லை. சிறிய கருந்துளையின் தட்டு இதைவிடப் பல மடங்கு கொதிக்கும். அந்த வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்குகள் பத்தாயிரம் சூரிய எடையைச் சுற்றியும் அதற்கு மேலும் வருகின்றன.