கண்ணுக்குள் ஒரு குமிழி

நிலையாமையைச் சொல்லவந்தவர்கள் நீர்க்குமிழியை விட்டதில்லை. குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம் குமிழியோடுதான் தொடங்குகிறது. பேண சூத்திரத்தில் புத்தர் உடலை நுரைத்திரளாகவும், உணர்வை மழைநீரில் எழும் குமிழியாகவும் காட்டுகிறார். அந்தச் சூத்திரம் அடங்கிய பாளி மறை ஏட்டில் ஏறியது மாத்தளை மண்ணில்தான்: கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அலுவிகாரையின் குகைகளில்.

இரு மரபும் குமிழியைக் காட்டுவது அது உடையும் என்பதற்காக. உடலுக்குள் அகப்பட்ட குமிழியோ உடைவதில்லை, கரைகிறது.

விழித்திரை கழன்றுபோனால், சத்திரசிகிச்சையின் முடிவில் வைத்தியர் கண்ணுக்குள் வாயுவைச் செலுத்துவதுண்டு. சல்பர் ஹெக்ஸாபுளோரைட் அல்லது பெர்புளோரோபுரோப்பேன். குமிழி மேலெழுந்து விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவேண்டிய இடம் கண்ணின் பின்புறமென்றால், நோயாளி நாட்கணக்கில் குப்புறப் படுக்கவும் தலையைக் கவிழ்த்தே இருக்கவும் வேண்டும். முதலில் எல்லாமே மங்கல். பிறகு பார்வையின் மேற்பகுதி தெளியும், கீழே ஒரு கோடு தளும்பும். உண்மையில் குமிழி மிதப்பது கண்ணின் மேற்புறத்தில். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது. நாள் போகப்போகக் கோடு இறங்கிச் சின்ன வட்டமாகும், பின்பு அதுவும் இராது. வெறும் காற்றானால் ஏறக்குறைய ஒரு வாரம், முதல் வாயுவுக்கு இரண்டு வாரம், இரண்டாவதற்கு ஆறு முதல் எட்டு வாரம்.

எங்கே போயிற்று? செலுத்திய வாயு இரத்தத்தில் அறவே இல்லாதது. ஆகவே குமிழியிலிருந்து இரத்தத்துக்குள் இறங்கி, நுரையீரல் சேர்ந்து, மூச்சோடு வெளியேறிவிடுகிறது. ஆனால் இடையில் நைதரசனும் குமிழிக்குள் புகுந்திருக்கும். இரத்தத்திலும் நைதரசன் இருக்கையில் அது ஏன் வெளியேற வேண்டும்?

விடை உயிர்க்கலங்களிடம் இருக்கிறது. கடல்மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். உடலெங்கும் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, நைதரசன், நீராவி எல்லாவற்றின் அமுக்கத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 706தான். கலங்கள் ஒட்சிசனைச் செலவழித்துக் காபனீரொட்சைட்டைத் தருகின்றன; அது இரத்தத்தில் எளிதில் கரைந்துவிடுவதால், போன ஒட்சிசனின் அமுக்கத்தை ஈடுசெய்வதில்லை. அந்தக் குறைவை நோக்கியே அடைபட்ட வாயு எல்லாம் வடிகிறது. வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தபின் தங்கிவிட்ட காற்றும், நுரையீரலைச் சுற்றிப் புகுந்த சிறிதளவு காற்றும் தாமாக மறைவது இதனால்தான்.

உயிர் நின்றால் ஒட்சிசன் செலவும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அழுகலில் எழும் வாயு உள்ளேயே சேர்ந்து உடல் வீங்குகிறது. யோக, சித்த மரபுகள் பத்து வாயுக்களை எண்ணி, மற்றவை போனபின்பும் தனஞ்செயன் பிணத்தில் தங்கி அதை வீங்கச்செய்யும் என்றன. இதை இன்றைய விஞ்ஞானமாக்கிக் காட்டத் தேவையில்லை. சாவுக்குப் பிறகு வாயுவின் நடத்தை மாறுகிறது என்று கண்ட கூர்மையே பெரிது. அப்படிப் பார்த்தால், குமிழி மறைவதைச் சாவுக்கு மட்டுமே உவமையாக வைப்பது போதாது. உடலுக்குள் குமிழியைக் கரைப்பது உயிர்தான்.

அந்த வாயு யாருடையது? தாது விபங்க சூத்திரத்தில், ராஜகிருகத்துக் குயவர் ஒருவரின் கொட்டிலில் இரவு தங்கிய புக்குசாதிக்குப் புத்தர் உடலின் காற்றுகளை எடுத்துரைக்கிறார்: மேலேறுவது, கீழிறங்குவது, வயிற்றிலும் குடலிலும் இருப்பது, அங்கமெங்கும் ஓடுவது, மூச்சு. உள்ளே உள்ளதும் வெளியே உள்ளதும் ஒரே தாது. அது எனதன்று என்று காணவேண்டும் என்கிறார்.

இரத்தோட்டையிலிருந்து இல்லுக்கும்புர வீதியில் மேலேறி ரிவஸ்டன் மலையில் நின்றவருக்கு வெளிக்காற்றின் பலம் தெரியும். கண்ணில் குமிழி உள்ளவர் அந்த வீதியில் ஏறுமுன் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1500 மீற்றர் ஏறினால் வளியமுக்கம் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறையும். வெளியே குறைந்தால் உள்ளே குமிழி விரியும். கண்ணின் அமுக்கம் எகிறிப் பார்வையே பறிபோகலாம். விமானப் பயணமும் இதனாலேயே கூடாது. உள்ளும் வெளியும் ஒன்று என்ற போதனை இங்கே கிளினிக்கில் சொல்லும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது.

மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குத் திரளும் மலையகத் தமிழரின் சைவம், குமிழி எங்கே போயிற்று என்பதற்கு வேறு விடை வைத்திருக்கிறது. உள்ளது அழிவதில்லை, தன் காரணத்தில் ஒடுங்குகிறது என்பது சைவ சித்தாந்தம். வாயுவைப் பொறுத்தவரை அது பொருந்துகிறது: செலுத்திய வாயுவை உடல் சிதைப்பதில்லை, மூச்சில் அப்படியே போகிறது. சித்தாந்தமும் பௌத்தமும் முரண்படுவது வாயுவில் அல்ல, அந்தக் கோடு தேய்வதை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவரில். காண்பதற்கு ஓர் ஆன்மா உண்டென்கிறது சைவம். காணும் நிகழ்ச்சி மட்டுமே உண்டென்கிறது பௌத்தம். குமிழி இதைத் தீர்த்துவைக்காது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தர்களின் நான்கு பிரிவினரோடும் வாதிடுவது இதைப் பற்றியும்தான். இரத்தோட்டையில் பன்சலைக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் அந்த வாதத்தை இன்னும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிப்பார்க்கலாம்.