யாருக்காகப் படிக்க வைத்தார்கள்?

எகிப்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்த நபவிய்யா மூசா, ஆண் ஆசிரியர்களின் சம்பளம் தன்னுடையதைப் போல் இரு மடங்கு என்று அறிந்து காரணம் கேட்டார். அவர்களிடம் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது என்று பதில் வந்தது. பெண்களுக்கு அரசு மேல்நிலைப் பள்ளியே இல்லாத காலம் அது. தானாகவே படித்து, 1907-இல் அந்தத் தேர்வில் தேறினார். எகிப்தில் அதில் தேறிய முதல் பெண் அவர்தான்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு காசிம் அமீன் 'பெண் விடுதலை' என்ற நூலில் பெண் கல்விக்காக வாதாடினார். நூல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆனால் அவர் அழுத்திச் சொன்ன காரணம், படித்த தாய் நல்ல பிள்ளைகளை வளர்ப்பாள், நாடு முன்னேறும் என்பது. அந்தக் கணக்கில் மகன் வருகிறான், கணவன் வருகிறான், தேசம் வருகிறது. நபவிய்யா தன் உழைப்புக்குரிய கூலியைக் கேட்டார். இரண்டையும் 'பெண் கல்வி' என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம்.

சவூதி அரேபியாவில் பெண்களுக்கு அரசுப் பள்ளிகள் 1960-இல் தொடங்கின. 2002 வரை அவை கல்வி அமைச்சகத்தின் கீழ் இல்லை. மத அறிஞர்களின் பொறுப்பில் இருந்தன. நல்ல மனைவியாக, தாயாக ஆக்குவதே நோக்கம் என்று கல்விக் கொள்கை வெளிப்படையாகச் சொன்னது. பட்டம் பெற்ற பெண்ணும் பாஸ்போர்ட் வாங்க 2019 வரை ஆண் காப்பாளரின் அனுமதி வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்தப் படிப்பு வீணா? இல்லை. 1990 நவம்பரில், தடையை மீறி 47 பெண்கள் ரியாத் தெருக்களில் கார் ஓட்டினார்கள். அவர்களில் பலர் பேராசிரியைகள், ஆசிரியைகள். கொடுத்தவர்களின் நோக்கத்துக்குள் அவர்களுடைய கல்வி அடங்கி நிற்கவில்லை. பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இதை வைத்து, பெண்கள் படித்துவிட்டால் சமத்துவம் தானாக வரும் என்று சொல்லிவிட முடியாது. குவைத்தில் பெண்கள் பல்கலைக்கழகங்களை நிறைத்த பிறகும், அவர்களுக்கு வாக்குரிமை தரும் மசோதாவை 1999-இல் நாடாளுமன்றம் 32-க்கு 30 என்ற கணக்கில் தோற்கடித்தது. உரிமை 2005-இல்தான் கிடைத்தது. 2009-இல் முதன்முதலாக வென்ற நான்கு பெண்களும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஆண் வேட்பாளர்களிடம் யாரும் அந்தத் தகுதியை எதிர்பார்க்கவில்லை.

பெண் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறோம். அவளைச் சமமாகப் பார்க்க மறுத்து வாக்களித்த ஆண்களுக்குப் பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்பதில்லை. பெண் கல்விக்காக வாதாடும் நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படித்திருப்பதால் அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை வெளியே நிறுத்திவிடுகிறோம். குவைத்தில் எழுத்தறியாத ஆணுக்கு 1999-இலும் வாக்கு இருந்தது.