பாவமன்னிப்பும் உடற்சுகமும்

உடலை வாட்டும் நோய்க்கும் உள்ளத்தை வாட்டும் பாவத்திற்கும் தொடர்புண்டா என்னும் வினா மிகப் பழைமையானது. நாவுக்கரசரைப் பற்றிய சூலைநோயும், பாண்டியனை வருத்திய வெப்புநோயும் சைவ மரபில் இவ்வினாவையே எழுப்புகின்றன. கிறிஸ்தவம் இதற்கு அளிக்கும் விடை நுணுக்கமானது. ஆதலின் எளிதில் பிழைபட உணரப்படுவது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் இவ்விடயத்தில் முதன்மையான சான்றாகும். நால்வர் முடக்குவாதக்காரன் ஒருவனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன் இறக்குகின்றனர். அவர்கள் நாடி வந்தது உடற்சுகம். அவனுக்கு முதலிற் கிடைத்ததோ பாவமன்னிப்பு. மறைநூல் அறிஞர் மனத்துள் முறுமுறுத்த பின்னரே, எழுந்து நடக்குமாறு அவன் பணிக்கப்படுகின்றான். இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட சிறுபொழுது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அப்பொழுதில் அவன் மன்னிப்புப் பெற்றவன், ஆயினும் நடக்கவியலாதவன். எனவே சுகம் மன்னிப்புக்கு அடையாளமாகலாம். அதன் அளவுகோலாகாது என்பது புலனாகும்.

இரண்டும் தொடர்பற்றன என்பதும் பொருந்தாது. கிரேக்க மூலத்தில் மீட்டலையும் குணமாக்கலையும் 'சோட்சோ' என்னும் ஒரே வினைச்சொல் குறிக்கின்றது. லூக்கா நற்செய்தியில் பாவியெனப்பட்ட பெண்ணுக்கும், பன்னிரண்டாண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணுக்கும் இயேசு ஒரே வாக்கியத்தைக் கூறியே விடைகொடுக்கின்றார். இருவரும் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள். இருவரும் அதனிடையே மீள்விக்கப்படுகின்றனர். முழுமனிதனை மீட்டெடுத்தலே இரண்டையும் இணைக்கும் இழை எனலாம்.

இத்தொடர்பைத் தலைகீழாக்கி, நோயுற்றவன் பாவியே எனக் கொள்வதுதான் பெரும் வழு. பிறவிக்குருடனைக் குறித்து, பாவஞ் செய்தவர் அவனா, அவன் பெற்றோரா என வினவிய சீடருக்கு, இருவருமல்லர் என்பதே விடையாயிற்று. சீலோவாம் கோபுரம் வீழ்ந்து மாண்ட பதினெண்மரும் ஏனையோரினும் கொடியவரல்லர் என இயேசு தெளிவுறுத்தினார். தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடிய பவுலுக்கும் அது நீங்கவில்லை.

இவ்வுண்மையைக் கொழும்பு கண்ணெதிரே கண்டது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் நோய் நீங்க வேண்டிச் செல்வர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அங்கு வழிபாட்டில் நின்றோரிடையே குண்டு வெடித்தது. பலர் மாண்டனர், பலர் படுகாயமுற்றனர். அவர்கள் பிறரினும் பெரும்பாவிகள் என எவர் துணிந்து கூறுவார்? கோபுரத்தின் கீழ் மாண்டோரைக் குறித்த விடையே அவர்களுக்கும் உரியது.

திருச்சபையின் வழக்கிலும் இத்தெளிவு வளர்ந்துள்ளது. மரணத்தறுவாயில் வழங்கப்பட்ட அவஸ்தைப்பூசுதல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1972இல் ஆறாம் பவுல் திருத்தந்தை விதித்த புதிய முறைப்படி நோயிற்பூசுதலாயிற்று. சாவுக்கு முன்னேற்பாடாகக் கருதப்பட்டது, நோயாளிக்கு ஆறுதலும் வலிமையும் பாவமன்னிப்பும் தரும் அருட்சாதனமாக மீண்டும் விளங்கியது. அது மருத்துவத்தை விலக்குவதுமன்று, குணமாகாதவனைக் குற்றவாளியாக்குவதுமன்று.

ஆகவே, நோயாளியின் படுக்கையருகே சென்று அவன் பாவத்தைத் துருவுவது கிறிஸ்தவ நெறியாகாது. கூரையைப் பிரித்தாயினும் அவனைச் சுமந்து செல்வதே அந்நெறி. அந்நால்வரும் அவன் செய்த பாவம் யாதென வினவியதாக நற்செய்தி கூறவில்லை.