வீசிய மணல், வராத வெள்ளம்

அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன், மணற்பாறையில் விழுந்த ஒரு குறுகலான பிளவு. உள்ளே இறங்கும் ஒளிக்கற்றை படத்தில் பளிச்சென்று விழ, வழிகாட்டிகள் மணலை அள்ளி வீசியதுண்டு. அப்போ அந்தப் படம் பொய்யா? இல்லை. ஒளி அங்கேதான் இருந்தது. மணல் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

படம் மறைப்பது தண்ணீரை. மேல் கேன்யனின் நவஹோ பெயருக்கே, பாறைகளினூடே தண்ணீர் ஓடும் இடம் என்றுதான் பொருள். நாம் ரசிக்கும் வளைவெல்லாம் வெள்ளம் அரைத்தது. 1997 ஆகஸ்ட் 12 அன்று தொலைவில் பெய்த மழை, கீழ் கேன்யனுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து 11 பயணிகளைக் கொன்றது.

இதைத் தெரிந்துகொண்டு ரசிப்பதில் தப்பேதுமில்லை. தெரிந்தும் வெறும் ஒளியை மட்டும் பகிர்ந்தால், பார்க்கிறவர் அதை ஆபத்தில்லாத இடமென்று நம்பிக் கிளம்புவார். வீசிய மணலைவிடப் பெரிய பொய் அதுதான்.