இரண்டு விரற்கடைக் குறை

அப்ரமேயன் என்னும் திருநாமத்துக்கு அளந்து அறியப்படாதவன் என்பது பொருள். எந்த அளவைக்கும் பிடிகொடாத பரம்பொருளைச் சுட்டும் இந்நாமத்தைத் தாங்கி, பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பழைய சாலையில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், மரப்பொம்மைக்குப் பெயர்பெற்ற சென்னபட்டணாவை அடுத்த தொட்டமளூரில் திருமால் கோயில் கொண்டிருக்கிறார். ஆயினும் பிள்ளை வரம் வேண்டுவோர் இங்கே நாடி வருவது, தனிச் சந்நிதியில் வெண்ணெய் உருண்டையைக் கையில் ஏந்தித் தவழும் நவநீதகிருஷ்ணனையே. கன்னடத்தில் அவனுக்கு ‘அம்பெகாலு கிருஷ்ணன்’, அதாவது தவழும் கண்ணன், என்று பெயர். வேண்டுதலாகச் செலுத்தப்பட்ட சின்னஞ்சிறு தொட்டில்கள் அங்கே தொங்குகின்றன. புரந்தரதாசர் ‘ஜகதோத்தாரண’ என்னும் கீர்த்தனையை இக்கண்ணனைக் கண்டே பாடினார் என்பது மரபு. அளவுக்கு அடங்காதவன் ஒரு தாயின் இடுப்புக்கு அடங்கினான் என்னும் வியப்பே அதன் உயிர்.

இச்சந்நிதிக்கு மருத்துவச் சிகிச்சையின் நடுவே வரும் தம்பதியரும் உண்டு. அவர்களுடைய நாட்களோ முழுக்க முழுக்க அளவுகளால் ஆனவை. 1978-இல் இங்கிலாந்திலும் அதே ஆண்டில் கொல்கத்தாவிலும் குழந்தை பிறக்கக் காரணமான சோதனைக்குழாய் முறையில், அதாவது கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறையில், குளிர்சாதனப் பெட்டியின் கதவுத்தட்டில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசி மருந்தை எடுத்து, தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மனைவி நாள்தோறும் குறித்த மணிக்குப் போட்டுக்கொள்கிறாள். முட்டை வளரும் நீர்ப்பைகள் ஏறத்தாழ 18 மில்லிமீட்டரை எட்டியதும் இறுதி ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுத்தல், மூன்று அல்லது ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்தல், பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு, முடிவில் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் என்று அது நடக்கிறது. அத்தனையும் முறையாகச் செய்த பின்னும் கரு தங்காமற் போவது அரிதன்று.

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் யசோதைக்கும் இதுவே நேர்ந்தது. வெண்ணெய் திருடிய பிள்ளையை உரலோடு கட்டப் போனவளுக்குக் கயிறு இரண்டு விரற்கடை குறைந்தது. வேறொரு கயிற்றை முடிந்தாள், அப்போதும் இரண்டு விரற்கடை. வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் முடிந்தும் அதே இரண்டு விரற்கடை. தாமம் என்பது கயிறு, உதரம் என்பது வயிறு. தாமோதரன் என்னும் பெயர் இந்தக் கட்டினால் வந்தது, மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ என்னும் பிரபந்தம் தன் பெயரைப் பெற்றதும் இக்கயிற்றினால்தான். குறைந்த இரண்டில் ஒன்று அடியாரின் முயற்சி, மற்றொன்று ஆண்டவனின் கருணை என்று உரைகாரர் விளக்குவர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யசோதையின் பழவினையால்தான் கயிறு குறைந்தது என்று பாகவதம் சொல்லவில்லை. ஆனால் ஊரும் உறவும் அப்படிச் சொல்லத் தயங்குவதில்லை. தோஷம் என்று ஒரு பரிகாரம், சாபம் என்று ஒரு பரிகாரம், இவற்றுக்கிடையே ‘மலடி’ என்னும் கொடுஞ்சொல். காரணம் கணவனின் விந்தணுவில் இருக்கும்போதும் பிராகாரத்தைச் சுற்ற வைக்கப்படுபவள் பெரும்பாலும் மனைவிதான். மகப்பேறு வேண்டி வேள்விக்கு அமர்ந்தவன் தசரதன் என்பதை இதிகாசம் படித்தவர்களும் மறந்துவிடுகிறார்கள். சிகிச்சை நாட்களில் பட்டினி விரதமும் வேண்டியதில்லை. மருத்துவர் குறித்த ஊசியைத் தவறவிட்டுச் சந்நிதியில் நிற்பது, கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கட்டு விழவில்லையே என்று வருந்துவதற்கு ஒப்பாகும்.

இறைவனைக் குழந்தையாகக் கொண்டு சீராட்டும் பக்தி நிலைக்கு வாத்ஸல்யம் என்று பெயர். அதற்கு இலக்கணமாக நிற்கும் யசோதை கண்ணனைக் கருவில் சுமந்தவள் அல்லள்; சுமந்தவள் தேவகி. ஆகவே வரம் கேட்டுத் தொட்டமளூருக்கு வருகிறவள், வெண்ணெயைச் சமர்ப்பித்து அக்குழந்தையைக் கண்குளிரக் காணும் அந்த நேரத்தில், கேட்பவளாக மட்டும் நிற்கவில்லை.

எல்லாருடைய கயிறும் எட்டிவிடும் என்று பாகவதம் எங்கும் வாக்களிக்கவில்லை. யசோதையின் கயிறு நீண்டதாகவும் அது சொல்லவில்லை. உடல் வியர்த்து, கூந்தலில் சூடிய பூ நழுவ, மறுபடியும் கயிற்றை முடிந்துகொண்டிருந்த தாயின் களைப்பைப் பிள்ளை பார்த்தான் என்பதையே அது முதலில் சொல்கிறது. அவன் கட்டுண்டது அதற்குப் பிறகு.