பிள்ளையின் சட்டை யாருடையது?

பாடாலூரில் காலை வேளையில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரம் சீருடைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்குப் போகிறார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட் சீருடையை அரசே இலவசமாகத் தருகிறது. பருத்திக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் மகளுக்கும் மளிகைக் கடைக்காரர் மகளுக்கும் ஒரே துணி, ஒரே நிறம். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாட்டைச் சீருடை மறைக்கிறது என்று நாமும் நிம்மதி அடைகிறோம்.

இதே நியாயத்தைச் சொல்லித்தான் ஹிட்லரின் ஜெர்மனியிலும் நாஜி இளைஞர் அமைப்பில் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டினார்கள். பழுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, தோல் முடிச்சு கோத்த கறுப்புக் கழுத்துத் துணி, இது பையன்களுக்கு. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலப் பாவாடையும். பத்து வயதுப் பையன் 60 மீட்டரை 12 நொடியில் ஓடிக் காட்டி, மற்ற சோதனைகளிலும் தேறினால், இடுப்பில் ஒரு கத்தி மாட்டிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. அந்த வயதில் எந்தப் பையன்தான் அதற்கு ஆசைப்பட மாட்டான்? 1936-இல் இந்த அமைப்புக்கென்று சட்டம் வந்தது. 1939-இல் அதில் சேர்வது கட்டாயமானது. சாரணர் இயக்கம் போன்ற மற்ற அமைப்புகளுக்கு ஏற்கெனவே தடை. யூதப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை கிடையாது. நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் வேற்றாள் என்பதை ஊருக்கே காட்டிக்கொடுத்தது அந்தத் துணிதான். போரின் கடைசி மாதங்களில் அதைப் போட்டிருந்த சிறுவர்களையே துப்பாக்கியோடு களத்துக்கும் அனுப்பினார்கள்.

ஆகவே, சமத்துவம் என்று சொல்லிவிட்டால் மட்டும் ஒரு சீருடை நல்லதாகிவிடாது. வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் அது உண்டா? மாலையில் கழற்றிப் போட்டுவிட்டு அவன் தன்பாட்டுக்கு இருக்க முடியுமா? பள்ளிச் சீருடை இந்த இரண்டிலும் தேறுகிறது. பழுப்புச் சட்டை இரண்டிலும் தோற்றது.

தம் சாதியை நிறத்தால் காட்ட நம் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறும் இந்தச் சோதனையில் தோற்கிறது. பார்வைக்கு வெறும் நூல்தான். ஆனால் அரசு கொடுத்த சட்டை மறைத்ததை அந்த நூல் மறுபடி வெளியே இழுத்துப் போடுகிறது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளையும் சாதி அடையாளங்களையும் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது.

தடை வேண்டியதுதான். ஆனால் பழியைப் பிள்ளைகள் தலையில் போடுவது நியாயமில்லை. அந்தக் கயிற்றை அவர்கள் கையில் கொடுப்பவர்கள் பெரியவர்கள். சாதிச் சங்கத்து ஊர்வலத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் சின்னப் பிள்ளைக்குத் துண்டு போட்டு, பனியன் மாட்டிக் கூட்டிப் போகிறவர்களும் பெரியவர்களே. பதினெட்டு வயதானபின் எந்த நிறம் வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அதுவரை, பெற்றோர்களே, அவர்கள் உடம்பில் உங்கள் கொடியை ஏற்றாதீர்கள்.